யார் பெயரில், யார் கடனில்? திருமண முன் ஒப்பந்தம் பற்றி ஒரு விளக்கம்

நம் வீடுகளில் கல்யாணத்துக்கு முன் பணம் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. மண்டபச் செலவு யாருடையது, எத்தனை பவுன், முகூர்த்தப் புடவை எந்த வீட்டார் எடுப்பது என்று எல்லாம் பேசப்படும். பேசுகிறவர்கள் மாமாக்களும் சித்தப்பாக்களும்தான். மணமக்கள் பெரும்பாலும் அந்தப் பேச்சில் இருப்பதே இல்லை. அவர்களுக்குள் பேசப்பட வேண்டிய கேள்விகள் வேறு. உனக்குக் கல்விக்கடன் எவ்வளவு மிச்சம்? நீ யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாயா? வீடு வாங்கினால் பத்திரம் யார் பெயரில்? குழந்தை பிறந்து நான் வேலையை விட்டால், அதன்பின் சேரும் சொத்தில் எனக்கு என்ன? இவற்றுக்குத் திருமணத்துக்கு முன்பே இருவரும் சேர்ந்து எழுதி வைக்கும் பதில்தான் திருமண முன் ஒப்பந்தம். ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி ‘பிரினப்’ என்றும் சொல்கிறார்கள்.

பணக்காரர்கள் தங்கள் சொத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு என்றே இது பரவலாக அறியப்பட்டிருக்கிறது. மேல்நாடுகளில் அது பெருமளவு உண்மைதான். இந்தியாவில் இந்த ஒப்பந்தம் அதிகம் தேவைப்படுவது சொத்து இல்லாதவருக்குத்தான் என்று நான் நினைக்கிறேன். காரணத்தைச் சொல்வதற்கு முன் ஓர் அடிப்படையை விளக்க வேண்டும்.

எந்தத் திருமணமும் சொத்து விதி இல்லாமல் நடப்பதில்லை. நீங்கள் எதுவும் எழுதி வைக்காவிட்டால், நீங்கள் வாழும் இடத்தின் சட்டம் ஒரு விதியைத் தானாகவே உங்கள்மீது வைத்துவிடுகிறது. திருமண முன் ஒப்பந்தம் அந்த விதியை மாற்றுவதற்கான கருவி. ஆகவே, எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியாதவருக்கு எழுதுவதால் என்ன கிடைக்கும் என்பதும் தெரியாது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தம்பதியர் மண வாழ்க்கையில் ஈட்டியது, யார் சம்பளமானாலும், இருவருக்கும் பாதிப் பாதி. டெக்ஸாஸ், வாஷிங்டன் மாநிலங்களிலும் பொதுச் சொத்து முறைதான். பங்கிடும் விதிகள் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மென்பொருள் வேலைக்காகத் தமிழர்கள் அதிகம் குடியேறும் மாநிலங்கள் இவை. அங்கே ஒருவர் தன் சம்பளம் தனக்கே என்று வைத்துக்கொள்ள விரும்பினால் அதை எழுதியாக வேண்டும். பேஸ்பால் வீரர் பேரி பாண்ட்ஸ் 1988இல் அப்படித்தான் எழுதினார். ஸ்வீடனைச் சேர்ந்த அவருடைய மணமகள், கல்யாணத்துக்கு முந்தைய நாள், தனக்கென ஒரு வழக்கறிஞர் இல்லாமல் அதில் கையெழுத்திட்டார். பிரிந்தபோது வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2000இல் வந்த தீர்ப்பு அந்த ஒப்பந்தம் செல்லும் என்றது. அதற்குப் பிறகு கலிபோர்னியா சட்டத்தைத் திருத்தியது: ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்த நாளுக்கும் கையெழுத்திடும் நாளுக்கும் இடையில் குறைந்தது 7 நாட்கள் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் சொத்தைப் பங்கிடும் அதிகாரம் நீதிபதியின் கையில் இருக்கிறது. அங்கே திருப்புமுனையான வழக்கு ராட்மாக்கர் எதிர் கிரனட்டினோ. மனைவி செல்வக் குடும்பத்தில் பிறந்த ஜெர்மானியர். கணவர் பிரெஞ்சுக்காரர், வங்கி அதிகாரி. ஒருவர் சொத்தை மற்றவர் கோரமாட்டோம் என்று 1998இல் ஜெர்மனியில் எழுதிக் கையெழுத்திட்டு, அதே ஆண்டு லண்டனில் மணந்தார்கள். ஒப்பந்தம் ஜெர்மன் மொழியில் இருந்தது. கணவருக்கு அந்த மொழி தெரியாது, நோட்டரி ஆங்கிலத்தில் விளக்கினார். கணவருக்குத் தனி வழக்கறிஞரும் இல்லை. பின்னாளில் அவர் வங்கி வேலையை விட்டு ஆக்ஸ்போர்டில் ஆய்வு மாணவரானார், இரண்டு மகள்கள் பிறந்திருந்தார்கள், மணம் முறிந்தது. 2010இல் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் 8 பேர் ஆதரவுடன் சொன்னது இது: விளைவுகளை முழுதும் உணர்ந்து, சுயவிருப்பத்தோடு செய்த ஒப்பந்தத்துக்கு, அதை நிறைவேற்றுவது அநியாயமாக இருந்தாலொழிய, மதிப்பளிக்க வேண்டும். மாறுபட்டவர் ஒருவர் மட்டும்: அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி லேடி ஹேல். பொருளாதாரத்தில் நலிந்தவருக்கு, பெரும்பாலும் பெண்ணுக்கு, சட்டப்படி கிடைத்திருக்கக் கூடியதை மறுப்பதே இத்தகைய ஒப்பந்தங்களின் நோக்கம் என்று அவர் சுட்டிக்காட்டினார். வழக்கில் நலிந்த தரப்பு ஆணாக இருந்தபோதும் அவர் அதைச் சொன்னார். ஒப்பந்தம் எழுதப் போகும் எவரும் மனத்தில் இருத்த வேண்டிய எச்சரிக்கை அது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில், கோவா நீங்கலாக, தம்பதியரின் பொதுச் சொத்து என்ற ஒன்றைச் சட்டம் தானாக உருவாக்குவதில்லை. பத்திரத்தில் யார் பெயரோ அவர் உரிமையாளர். கல்யாணத்துக்கு முன் வாங்கிய மனை, தந்தை எழுதிக்கொடுத்த கடை, தன் சம்பளத்தில் தன் பெயரில் வாங்கிய அடுக்ககம், இவை எதுவும் தாலி கட்டியதால் பாதியாகிவிடாது. விவாகரத்து நடந்தால் சொத்தில் பாதி போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் அமெரிக்கச் செய்திகளைப் படித்துவிட்டு இந்தியாவில் பயப்படுகிறார்கள். இங்கே நீதிமன்றம் தருவது ஜீவனாம்சம். இருவரின் வருமானம், சொத்து, வாழ்க்கைத் தரம், பொறுப்புகள் ஆகியவற்றைப் பார்த்து அது தீர்மானிக்கப்படுகிறது. 2020இல் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் தங்கள் சொத்து, கடன், வருமானம் அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட்டாக வேண்டும்.

அப்படியென்றால் ஜீவனாம்சம் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிடலாமா? முடியாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 23ஆவது பிரிவில், பொதுக் கொள்கைக்கு எதிரான நோக்கம் கொண்ட ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 2013இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. மனைவி 8,000 ரூபாயை மொத்தமாகப் பெற்றுக்கொண்டு, இனி ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்று சமரசம் செய்திருந்தார். பின்பு அவர் கேட்டபோது, முன்பு எழுதியது தடையாகாது என்றது நீதிமன்றம். அது திருமண முன் ஒப்பந்தம் இல்லை, வழக்கின் நடுவே நடந்த சமரசம். நீதிமன்றத்தில் செய்த சமரசமே இந்த உரிமையைப் பறிக்காதென்றால், கல்யாணத்துக்கு முன் போட்ட கையெழுத்து பறிக்கும் என்று நம்ப இடமில்லை.

இதைவிடப் பழைய வழக்கு ஒன்றும் உண்டு. மணமகன் மாமியார் வீட்டிலேயே தங்கியிருப்பான் என்று கல்யாணத்துக்கு முன் எழுதிய ஒப்பந்தத்தைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1901இல் செல்லாது என்றது. இந்துத் திருமணம் சடங்கு வழிப்பட்ட புனிதப் பிணைப்பு, தனிப்பட்ட ஒப்பந்தத்தால் அதன் கடமைகளை மாற்ற முடியாது என்ற பார்வை இன்றும் நீதிமன்றங்களில் வலுவாக இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்திலும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் திருமண முன் ஒப்பந்தத்தை அங்கீகரிக்கும் பிரிவு இல்லை. 2023இல் டெல்லிக் குடும்ப நீதிமன்றம் ஒன்று இத்தகைய ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கும் காலம் வந்துவிட்டது என்று கருத்துத் தெரிவித்தது. அது கருத்து மட்டுமே, சட்டம் ஆகவில்லை.

மதத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப நிலை மாறும். கோவாவில் 1867ஆம் ஆண்டின் போர்த்துகீசிய சிவில் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எதுவும் எழுதாவிட்டால் கணவன் மனைவி சொத்து முழுவதும் இருவருக்கும் பொது, வேறு விதம் வேண்டுமென்றால் திருமணத்துக்கு முன்பே பத்திரம் செய்துகொள்ள வேண்டும், பிறகு மாற்ற முடியாது. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம், 40ஆவது பிரிவில், திருமணத்துக்கு முன் செய்த சொத்து ஏற்பாடுகளை நீதிமன்றம் விசாரித்து உத்தரவிடலாம் என்கிறது. இஸ்லாத்தில் நிக்காஹ் ஓர் ஒப்பந்தமாகவே கருதப்படுகிறது. மணமகன் மணமகளுக்குத் தர வேண்டிய மஹர் எவ்வளவு, உடனே தருவதா பிறகு தருவதா என்பதோடு மற்ற நியாயமான நிபந்தனைகளையும் அதில் சேர்க்கலாம். யாழ்ப்பாணத் தமிழர்களின் தேசவழமைச் சட்டமும் தனி வழி கொண்டது. மண வாழ்க்கையில் ஈட்டிய சொத்தைத் தேடியதேட்டம் என்று வகைப்படுத்தி இருவருக்கும் அதில் பங்கு தருகிறது; 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் அதன் பின்னர் வந்த திருத்தங்களும் இதை ஒழுங்குபடுத்துகின்றன. கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ வேர் கொண்ட ஒருவரை மணக்கும் தமிழ்நாட்டுப் பெண் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

சிங்கப்பூரில் திருமண முன் ஒப்பந்தம் தானாக நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. சொத்துப் பங்கீட்டில் நீதிபதி கருத்தில் கொள்ள வேண்டிய காரணிகளில் ஒன்றாகவே பெண்கள் சாசனம் என்ற அந்நாட்டுச் சட்டம் அதை வைக்கிறது.

இந்தியாவில் உரிமை பெயரைப் பொறுத்தது என்று சொன்னேன் அல்லவா? அதனால் இங்கே இழப்பது பெரும்பாலும், பெயர் இல்லாமல் உழைத்தவர். கணவர் தவணை கட்டுகிறார், வீடு அவர் பெயரில். மனைவியின் சம்பளம் அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் மாமனாரின் மருத்துவத்துக்கும் கரைகிறது. 20 ஆண்டு கழித்துப் பார்த்தால் ஒருவரிடம் வீடு இருக்கிறது, மற்றவரிடம் மளிகை ரசீதுகூட இல்லை. வேலையே விட்டவரின் நிலை இன்னும் மோசம்.

இதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் எதிர்கொண்டது. கணவர் சவூதி அரேபியாவில் வேலை பார்த்தார். மனைவி ஊரில் குடும்பத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அனுப்பிய பணத்தில் சொத்து வாங்கப்பட்டது. பிறகு அது யாருடையது என்ற வழக்கு. இல்லத்தரசியின் ஓய்வில்லாத உழைப்பும் அந்தச் சொத்து சேர்ந்ததற்கான பங்களிப்பே, அதனால் அவருக்கும் சம உரிமை உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். மகிழ்ச்சி தரும் தீர்ப்பு. ஆனால் அந்த அம்மாள் அதைப் பெறக் கீழமை நீதிமன்றம் தொடங்கிப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஒவ்வொரு மனைவியாலும் அது முடியுமா? அந்த நியாயத்தை முன்பே இருவரும் பேசி எழுதி வைத்துக்கொண்டால், பின்னால் நிரூபிக்க வேண்டிய சுமை பெருமளவு குறையும். ‘மண வாழ்க்கையில் யார் சம்பளத்தில் வாங்கினாலும் குடியிருக்கும் வீடு இருவர் பெயரிலும் பதிவாகும்’ என்ற ஒரே வரி, இந்தியத் திருமண முன் ஒப்பந்தத்தில் இருக்கக்கூடிய வரிகளில் மிக முக்கியமானது என்பேன். எழுதியதோடு நில்லாமல், வாங்கும் நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருவர் பெயரையும் ஏற்றிவிட வேண்டும். ஒப்பந்தம் செல்லுமா என்ற வாதம் எழலாம். பதிவான பத்திரத்தின்மீது அவ்வளவு எளிதாக எழாது.

எழுதக் கூடாதவை எவை என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். குழந்தை யாரிடம் வளரும் என்று பிறக்கும் முன்பே தீர்மானிக்க முடியாது. நீதிமன்றம் அப்போதைய குழந்தையின் நலனை மட்டுமே பார்க்கும். ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுப்பது செல்லாது என்று பார்த்தோம். மனைவி கணவனோடு சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையைக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தருகிறது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அது பொருந்தக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் விளக்கியது. ‘கேட்டவுடன் வீட்டை விட்டு வெளியேறுவேன்’ என்று எழுதி வாங்குவதற்குப் பொருள் இல்லை. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, பெண் வீட்டார் இவ்வளவு தருவார்கள் என்று இதற்குள் நுழைப்பது. திருமணத்துக்காகக் கேட்கப்படும் பணம் வரதட்சணை. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டம் அத்தகைய ஒப்பந்தத்தைச் செல்லாது என்பதோடு, கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியிருக்கிறது.

கேட்காமல், விருப்பத்தோடு கொடுத்த அன்பளிப்புகளுக்கு அதே சட்டத்தின்கீழ் 1985இல் வந்த விதிகள் ஒரு பட்டியலைக் கேட்கின்றன. மணமகளுக்கு வந்தவற்றை மணமகளும் மணமகனுக்கு வந்தவற்றை மணமகனும் எழுதிப் பராமரிக்க வேண்டும். பொருளின் விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு என்றால் என்ன உறவு என்பவை இருக்க வேண்டும். மணமக்கள் இருவரும் அதில் கையெழுத்திட வேண்டும். மொய் நோட்டை அத்தனை கவனமாக எழுதும் நாம் இந்தப் பட்டியலை எழுதுவதே இல்லை. மணமகளுக்கு வந்த நகை அவளுடைய சீதனம், முழுக்க அவளுக்கே சொந்தம்; அதைத் திருப்பித் தர மறுப்பது நம்பிக்கை மோசடிக் குற்றமாகலாம் என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் எந்த நகை, எத்தனை கிராம், யார் போட்டது என்று காட்டக் காகிதம் வேண்டும். நகைக்கடை ரசீதுகளோடு இந்தப் பட்டியலையும் மணமகள் தன் பெயரிலுள்ள வங்கிப் பெட்டகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தம் எழுதுவதென்று முடிவானால், முதல் வேலை இருவரும் தங்கள் கணக்கை முழுதாகத் திறந்து காட்டுவது. வங்கி இருப்பு, வைப்புத்தொகை, பங்குகள், மனை, கல்விக்கடன், கடன் அட்டை பாக்கி, நண்பருக்குப் போட்ட ஜாமீன், எல்லாம். ஒன்றை மறைத்தாலும் பிறகு முழு ஒப்பந்தமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அடுத்து, இருவருக்கும் தனித்தனி வழக்கறிஞர் வேண்டும். மாப்பிள்ளை வீட்டு வழக்கறிஞரே பெண்ணுக்கும் விளக்கினார் என்பது நாளை நிற்காது. இருவருக்கும் நன்றாகத் தெரிந்த மொழியில் எழுதுங்கள், தமிழில் எழுத எந்தத் தடையும் இல்லை. பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, உறவினர்களை அழைத்த பிறகு நீட்டப்படும் காகிதத்தில் போடும் கையெழுத்து சுயவிருப்பக் கையெழுத்து ஆகாது. நிச்சயத்துக்கு முன்பே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். முத்திரைத்தாளில் அடித்து நோட்டரி முத்திரை வைத்தால் எல்லாம் உறுதியாகிவிடும் என்று சொல்லப்படுவதையும் நம்ப வேண்டாம். கையெழுத்திட்டவர் இவர்தான் என்பதற்கே அந்த முத்திரை சான்று, உள்ளே எழுதியிருப்பது சட்டப்படி செல்லும் என்பதற்குச் சான்றாகாது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளை கோயம்புத்தூரில் தந்தையோடு பம்ப் தயாரிக்கும் பட்டறை நடத்துகிறார். பெண் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறார், அவருக்குக் கல்விக்கடன் பாக்கி இருக்கிறது, பெற்றோருக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறார். இவர்களுக்கு விவாகரத்துக் கணக்கைவிட அவசரமானது பட்டறையின் வங்கிக் கடன். குடும்பத் தொழிலுக்குக் கடன் தரும் வங்கி, மருமகளிடமும் ஜாமீன் கையெழுத்துக் கேட்கலாம். ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு, வேறு விதமாக எழுதப்படாதவரை, கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். தொழில் நொடித்தால் வங்கி நேராக அவர் சம்பளத்தையும் சேமிப்பையும் தேடி வரலாம்; பிரிந்த பிறகும் வரலாம். ‘பட்டறைக் கடனுக்கு மனைவி பொறுப்பில்லை’ என்று இருவரும் எழுதிக்கொண்டாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது. ஒப்பந்தம் இரண்டு பேருக்கு இடையிலானது, மூன்றாமவர் அதில் இல்லை. ஆகவே எழுத வேண்டியது, மனைவியிடம் ஜாமீன் கையெழுத்துக் கேட்கப்படாது என்பதையும், அதையும் மீறி அவர் போட நேர்ந்தால் அதனால் வரும் இழப்பைக் கணவர் ஈடுகட்டுவார் என்பதையும்.

அடுத்த வரி பட்டறையைப் பற்றியது. அது மாப்பிள்ளை குடும்பத்தின் சொத்து என்பதைப் பெண் ஏற்கலாம். பதிலுக்கு, கல்யாணத்துக்குப் பிறகு அவர் வேலையை விட்டு அங்கே கணக்கு எழுதினால், அதற்கு மாதச் சம்பளம் அவர் பெயரிலுள்ள கணக்கில் வர வேண்டும். குழந்தைக்காக வேலையை விட்டால், விட்டிருக்கும் காலம் முழுவதும் ஒரு தொகை அவருடைய சேமிப்பில் போடப்பட வேண்டும். கல்விக்கடனை அவரே தன் சம்பளத்தில் அடைப்பார், அதைக் குத்திக்காட்டும் உரிமை யாருக்கும் இல்லை.

‘பிரிவதை நினைத்துக்கொண்டா தாலி கட்டுவது’ என்று பெரியவர்கள் வருந்துவார்கள். அந்த வருத்தத்தை மதித்தே பதில் சொல்லலாம். மேலே உள்ள வரிகளில் எதுவும் பிரிவைப் பற்றியது இல்லை. மாதச் சம்பளமும் ஜாமீனும் கல்விக்கடனும் சேர்ந்து வாழும்போது வரும் விஷயங்கள். இவற்றைப் பற்றிய பேச்சே எடுக்க முடியாத அளவுக்கு ஒருவர் கோபப்பட்டால், கல்யாணத்துக்கு முன்பே தெரிந்தது நல்லதென்று நான் நினைப்பேன்.

அந்தப் பெண் தன் பெற்றோருக்கு அனுப்பும் பணத்துக்கும் ஒரு வரி வேண்டும். கல்யாணமான மகள் பிறந்த வீட்டுக்குப் பணம் கொடுப்பது எத்தனையோ குடும்பங்களில் மௌனச் சண்டையாக நீடிக்கிறது. சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. தங்களைப் பார்த்துக்கொள்ள இயலாத பெற்றோரைப் பராமரிக்கும் கடமை, வசதி இருந்தால், மணமான மகளுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தது. ஆகவே அந்த வரியைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. மாதம் எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து, மருத்துவச் செலவு வந்தால் எதுவரை என்று எழுதி, அதே வரியில் மாப்பிள்ளை தன் பெற்றோருக்குச் செய்வதையும் சேர்த்து எழுதிவிடலாம்.